மூன்றாம் நாள் இரத்தம்

ஜனவரி 12

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலமா? இருமல் நின்றதா? நீ என்னோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன இந்த ஏழு வருஷத்தில் நான் எழுதுவதெல்லாம் ஏதாவது கேட்டுத்தான் என்று நீ முணுமுணுப்பது காதில் விழுகிறது. இதுவும் அப்படித்தான்.

நம் கட்டுரை சிக்கலில் மாட்டியிருக்கிறது. பயமும் துக்கமும் வந்தால் இரத்தத்தில் ஏறும் கார்டிசால், குட்டியைப் பிரித்த மூன்றாம் நாளே தாய் ஆட்டுக்கு இறங்கிவிடுகிறது, ஆகவே அது குட்டியை மறந்துவிட்டது என்று எழுதினோமே. அதை நம்பித்தானே பண்ணைகளில் அவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறார்கள். என் ஆய்வு மாணவி அதையே திரும்பச் செய்தாள். பத்தாம் நாளும் இறங்கவில்லை. "உனக்கு ஊசி பிடிக்கவே தெரியல" என்று கத்தினேன். பாவம், அழுதுவிட்டாள். பிறகு நானே எடுத்தேன். எனக்கும் இறங்கவில்லை.

அன்று இரத்தம் எடுத்தவள் நீ. என்ன செய்தாய்? ஒளிக்காமல் எழுது. ஜூனில் ஓய்வு பெறுகிறேன். முப்பது வருஷத்தில் எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு கட்டுரைதான்.

உன்,
புரொபசர்

ஜனவரி 25

அன்புள்ள புரொபசருக்கு,

இருமல் போயிற்று. கேட்டீர்களே, சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே ஆட்டுக்குப் போய்விட்டீர்கள்.

ஒளிக்க என்ன இருக்கிறது? குட்டியைக் கொண்டுபோனதும் அந்த ஆடுகள் தொண்டை கட்டும்வரை கத்தின. எனக்குத் தாங்கவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கொட்டிலில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். மூன்றாம் நாள் என் மடியில் தலையை வைத்துவிடும். பிறகு கார்டிசால் இறங்காமல் என்ன செய்யும்? அவை எதையும் மறக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

இதைச் செய்முறைப் பகுதியில் எழுதி உங்களிடம்தான் கொடுத்தேன். "ஆட்டைக் கொஞ்சுனதெல்லாம் போட்டா சிரிப்பாங்கடி" என்று சிவப்புப் பேனாவால் அடித்தீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்களால் அது முடிந்தால், நான் அங்கே வருகிறேன். பார்த்துவிட்டுப் போக அல்ல, இருப்பதற்கு.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியாரம்மா

ஏப்ரல் 3

என் அன்பு வாத்தியாரம்மா,

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். துறைத்தலைவர் இரண்டொரு வரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மற்றபடி பிழை பிழைதான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. ஆய்வு மாணவி வேறு வழிகாட்டியிடம் போய்விட்டாள். கொட்டில் காலி, ஆடுகளை விற்றுவிட்டார்கள்.

வீட்டில் உன் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. அது என் கையாலாகாத்தனம், வந்து திட்டு. எந்த ரயில் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

உனக்காகக் காத்திருக்கும்,
நான்

மே 9

புரொபசர் அவர்களுக்கு,

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலுக்கும் பதிவு செய்திருந்தேன். நேற்று எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அந்த ஆய்விதழ் வந்தது. நின்றபடியே படித்தேன்.

'இரத்தம் எடுத்த உதவியாளர், முதன்மை ஆய்வாளருக்குத் தெரியாமல் விலங்குகளை முறைகேடாகக் கையாண்டதால் அளவுகள் பிழையாயின.'

இதுதானா அந்த இரண்டொரு வரி?

பழைய கட்டுரையில் உங்கள் பெயருக்கு அடுத்து இருப்பது என் பெயர் மட்டும்தானே. இன்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்த உதவியாளர் நீங்கதானா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, நான்தான்" என்றேன். மீதிப் பாடத்தை நடத்தி முடித்தேன். மதியம் பிரின்சிபால் கூப்பிட்டு, கிளம்பும்வரை ஆய்வுக்கூடத்துப் பக்கம் வரவேண்டாம் என்றார். தப்பாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பெயர் போனதற்காக அல்ல. வேறு யார் எனக்கு இப்படிச் செய்திருந்தாலும், ஏழு வருஷக் கோபத்தையும் மறந்து உங்களிடம் வந்துதான் அழுதிருப்பேன். இப்போது போய் அழ எனக்கு ஆளில்லை.

இனிமேல் எழுதாதீர்கள். வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
இரத்தம் எடுத்த உதவியாளர்