செல்வியின் பச்சைச் சட்டி

12 நவம்பர் 1981, வியாழன். கிட்வாய் நகர்.

எந்தப் பாத்திரத்திலும் புளிக்குழம்பு சரியாக வரவில்லை என்றுதான் என் மனைவி செல்வி சட்டி வனையக் கற்றுக்கொண்டாள். இன்று மத்தியானம் அவள் வனைந்த, பளபளக்கும் பச்சை நிறச் சட்டியில் வைத்த குழம்பு அருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா ருசி பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்து வந்திருக்கிற எம்மகளுக்கும் ஒண்ணு குடு. காலையில வாங்கிக்கிடுதேன்" என்றார்.

சாயங்காலம், செல்வியின் சட்டியைச் சுட்டுக் கொடுத்த சூளைக்காரரைப் பார்த்தேன். சட்டிக்கு இந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று கேட்டேன். காரீயம்தான் பாபுஜி, எல்லோரும் போடுவதுதானே என்றார்.

காரீயம் விஷம். புளிப்பு பட்டால் கரையும். செல்வியிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல துப்பறிஞ்சது போதாதாக்கும்? இப்ப எஞ்சட்டிதான் கெடச்சுதா?" என்றாள்.

வேறு யாருடைய சட்டியாக இருந்தாலும் இந்நேரம் எங்கள் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுத்திருப்பேன்.

படுத்தவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"கொழம்பு நின்ன எடம் மட்டும் மங்கிக் கெடக்கு. அக்காகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்."

சரி என்றேன். மத்தியானம் இரண்டாம் தடவையும் குழம்பு ஊற்றிக்கொண்டவள் அவள்தான்.