அழுக்கணவனுக்கு வாங்கிய சுருட்டு

இஞ்சாருங்கோ, நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. இன்று காலை பின்வளவில் அந்தச் சிவப்பு வாளியைக் கழுவினேன். ஊறின சுருட்டின் மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டுக்கும் காரணம் நீங்கள்தான்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் இந்தக் கிங்ஸ்பரி வீட்டை வாங்கியபோது அப்பிள் மரமும் கூடவே வந்தது. உங்களுக்கு நெஞ்சுநோ வந்து, சுருட்டை விடச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொன்னதும் அந்த வருடம்தான். விட்டுவிட்டேன் என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தீர்கள். அடுத்த வைகாசியிலேயே டூட்டிங் கடையிலிருந்து ஒரு கட்டுச் சுருட்டோடு வந்து நின்றீர்கள்.

"இது ஆருக்கு?" என்றேன்.

"மரத்துக்கு. இலையெல்லாம் சுருண்டுபோச்சு, பாக்கேல்லையே? அடியிலை முழுக்க அழுக்கணவன் பூச்சி மொய்ச்சுக் கிடக்கு. ஊரிலை மிளகாய்க் கண்டுக்குப் புகையிலைத் தண்ணி அடிக்கிறேல்லையே? சவர்க்காரமும் கரைச்சு அடிச்சால் ஒரு பூச்சி மிஞ்சாது."

நம்பத்தான் ஆசை. ஆனாலும் குசினி யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தபடியே இருந்தேன். வாளியோடு மரத்துக்குப் பின்னால் போவீர்கள்; நெடுநேரம் வர மாட்டீர்கள். வந்தால் வாயில் ஏலக்காய் மணக்கும். மரத்துக்கு மருந்தடிக்கிற மனிசனுக்கு ஏலக்காய் எதற்கு? ஒருநாள் ஸ்பிரே போத்தலை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை.

"இதென்ன, காஞ்சு கிடக்கு?"

"வேறை போத்தலாலை அடிச்சனான். உமக்கு எப்ப பாத்தாலும் சந்தேகம்."

வருடா வருடம் சுருட்டு வந்தது. வருடா வருடம் இலை சுருண்டது. காய்கள் நெல்லிக்காய் அளவிலேயே முண்டும் முடிச்சுமாக நின்றன. "லண்டன் பூச்சி, இலேசிலை சாகாது" என்றீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்கோ, சுருட்டுப் பத்தினீங்களோ?"

"அப்பிள் மரத்தாணை, இல்லை" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை ஒரு வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பாவம், இந்த மனிசனை நம்பியிருக்கலாமோ என்றுகூட மனம் இளகியது.

போன கிழமை இலை மறுபடியும் சுருண்டது. ஷெட்டுக்குள் மிச்சமிருந்த சுருட்டை, நீங்கள் சொன்ன அதே முறையில் ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனைய நனைய அடித்தேன். கும்பிட்டுக்கொண்டே அடித்தேன். பிள்ளையாரே, பூச்சி சாகக் கூடாது. செத்தால் இவர் எனக்குப் பொய் சொன்னவர்.

இன்று வாளியைக் கழுவுமுன் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை. புதுத் துளிர் நிமிர்ந்து நிற்கிறது. ஒரே தரம் அடித்ததற்கு!

கள்ளன். பெரிய கள்ளன் நீங்கள். இத்தனை வருடமும் ஒரு சுருட்டுக்கூட மரத்துக்குப் போகவில்லை. ஒருமுறையாவது என் சந்தேகம் பொய்யாகியிருக்கக் கூடாதா?

ஒரேயொரு சுருட்டை மட்டும் ஊறப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் கோட்டுப் பைக்குள் கிடந்த ஏலக்காயோடு. இந்த முறை காய் நன்றாகத் திரளும். நான் மட்டும் இன்னும் குசினித் திரைக்குப் பின்னால் நின்றுதான் அந்த மரத்தைப் பார்க்கிறேன்.