மூச்சுவிடும் மேசை

என்னங்க,

வார்னிஷ் வாங்கப் பெருமாள்மலைக்குப் போன மனுஷன் வந்துருவீங்கன்னு பாத்தேன், வரல. வத்தலக்குண்டுக்கு எங்கண்ணன் மக சடங்குக்கு நான் மட்டும் கெளம்பிட்டேன்.

மேசை முடிஞ்சிருச்சு, வார்னிஷ்தான் பாக்கின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்களே, நீங்களே செஞ்ச அந்த மேசையில டிராயர் தொறக்க மாட்டேங்குது. வெயில்காலத்துல வெரல் பட்டாலே வழுக்கிட்டு வந்துச்சு. இந்த மூடுபனிக்கு மரம் ஊதி இறுகிக் கெடக்கு. கேட்டா, "மரம் மூச்சுவிடும்டி, யூடியூப்ல சொல்லியிருக்கான்"ங்குறீங்க. அது நல்லா மூச்சுவிடட்டும். என் தோடு உள்ள மூச்சுமுட்டிக் கெடக்கு. தண்ணி ஊத்துற அத்தைக்காரி நான், வெறுங்காதோட போயி நிக்கணும்.

குக்கர்ல சோறு இருக்கு. ரசத்தைச் சூடு பண்ணிக்கங்க. எனக்குப் பொறுமையே இல்லன்னு நேத்துச் சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் அப்பளம் பொரிக்கல.

டீக்கடை ஜலாலுதீன் பாய் மேசையைப் பாக்க வருவாராம். டிராயரை இழுத்துப் பாக்காம, தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க.

ராணி

மறந்துட்டேன். வாசக்கதவைப் பூட்டல, பூட்டுச்சாவியும் அந்த டிராயருக்குள்ளதான் இருக்கு. நீங்க வரும்போது களவாணி எவனாச்சும் உள்ள இருந்தா வெரட்டிராதீங்க. டீ போட்டுக் குடுத்து, அந்த டிராயரைத் தொறந்து தரச் சொல்லுங்க.