உங்கள் மேசை தயார்

டீச்சருக்கு,

வணக்கம். இங்கே நானும் வாலுவும் நலம். அங்கே நீங்களும் அவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். 'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். முதல் வார்த்தையிலேயே பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. விடுமுறை ஓவிய வகுப்பில் பழகியதால் வாலு உங்களை இன்னமும் டீச்சர் என்றுதான் சொல்கிறாள். அவள் அப்பாவுக்கு நீங்கள் மனைவியாகி ஒரு வருஷம் ஆகியும் அது மாறவில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நேற்று உங்கள் மெசேஜ் கிடைத்தது. தீம் பார்க்கில் இருக்கும் அந்த ரெஸ்டாரண்டின் மெம்பர்ஷிப் என் நம்பரில் இருப்பதால் எனக்கு வீண் தொந்தரவு, அதை உங்கள் நம்பருக்கு மாற்றிக்கொள்கிறீர்கள், ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' வேறு. ஓடிபி வந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், காலாவதியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் அந்த மெம்பர்ஷிப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது அவருடைய மூளை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த விடுமுறையில் வரிசையைத் தாண்டி உள்ளே போனதும், 'உங்கப்பா எல்லாத்தையும் எவ்வளவு அழகா பிளான் பண்றாரு' என்று நீங்கள் வாலுவிடம் சொன்னீர்களாம். அவர் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாராம். சும்மா இருப்பதில் அவர் கெட்டிக்காரர். அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாலுவுக்கு மூன்றரை வயதில் முதல் தடவை அங்கே போனோம். அவளுக்குப் பசி தாங்காது. முகம் வெளுத்து, தலை சுற்றி, வாந்தி எடுத்துவிடுவாள். அன்றைக்கு எந்த ரெஸ்டாரண்ட் வாசலுக்குப் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் வர, நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தேன். ஓரிடத்தில் பெயர் எழுதிக்கொள்ளும் பெண் பரிதாபப்பட்டு, உங்கள் ஊரிலேயே எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது, அங்கே மெம்பராகிவிட்டால் அது இங்கேயும் செல்லும், காலையிலேயே போனில் பெயர் கொடுத்துவிட்டு வரலாம் என்று சொன்னாள். ஊர் திரும்பிய வாரமே போய்ச் சேர்ந்தேன். 'சோறு திங்கறதுக்கு ஒரு மெம்பர்ஷிப்பா?' என்று அவர் ஒரு மாதம் கேலி செய்தார். அடுத்த வருஷம், வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பார்க்க, நேராக உள்ளே நுழைந்தபோது அவர் நடையைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பார்க்கையே விலைக்கு வாங்கியவர் மாதிரி நடந்தார்.

அந்த முதல் பயணத்தில்தான் வாலுவுக்கு என் போன் நம்பரைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தேன், கூட்டத்தில் தொலைந்தால் யாரிடமாவது சொல்வதற்கு. பத்து எண்ணையும் தப்பாமல் சொல்லுவாள். பிறகு மெம்பர் நம்பரும் அதுவே ஆனதால் ரெஸ்டாரண்ட் வாசலில் கேட்டாலும் அவள்தான் சொல்லுவாள். எங்களை வாய் திறக்க விடமாட்டாள்.

நாங்கள் பிரிந்தபோது ஃப்ரிட்ஜ் யாருக்கு, கட்டில் யாருக்கு, இஸ்திரிப்பெட்டி யாருக்கு என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மெம்பர்ஷிப் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வாலு பள்ளிக்கூட நாட்களில் என்னிடம், விடுமுறையில் அவரிடம். கேட்பதற்குச் சரிபாதி மாதிரிதான் இருக்கும். ஆனால் எனக்கு வீட்டுப்பாடம், பேன் சீப்பு, காலையில் காணாமல்போகும் ஒற்றை சாக்ஸ். உங்களுக்கு ராட்டினம். நீங்கள் வந்தது நாங்கள் பிரிந்து இரண்டு வருஷத்துக்கு அப்புறம். அதனால் உங்கள்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் அகப்படவில்லை. தேடாமல் இல்லை. கிடைக்காததுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதித்து பவர் எழுதுகிறவள், வாலு சொல்லியிருப்பாள். நீங்கள் மூவரும் பார்க்குக்குப் போன முதல் நாள், பன்னிரண்டே முக்காலுக்கு என் போனில் மெசேஜ் வந்தது. 'உங்கள் மேசை தயார். வருவதானால் 1, ரத்து செய்வதானால் 2.' ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இங்கே கையில் லென்ஸோடு நிற்கிறேன், ஒரு நாள் பயணத் தூரத்தில் எனக்கு மேசை தயாராம். அப்புறம் புரிந்தது. எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டேன். அழுத்தாவிட்டாலும் வாசலில் பெயரைக் கூப்பிடுவார்கள், நீங்கள் அங்கேயே நின்றிருப்பீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, சாப்பிட்டவற்றின் பட்டியலோடு நன்றி சொல்லி இன்னொரு மெசேஜ் வந்தது. காளான் சூப் மூன்று. திரும்பவும் படித்தேன், மூன்றுதான். என் வீட்டில் காளானைக் கண்டால் வாலு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

சாயங்காலம் போன் செய்தாள். ராட்டினம், படகு, நனைந்த செருப்பு எல்லாம் சொல்லிவிட்டு, 'அம்மா, ஒரு தமாஷ் கேளேன். அங்க உன் பேரைத்தான் கூப்பிடறாங்க, டீச்சர் எழுந்து போறாங்க' என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும்போது அதுவே மண்டையைக் குடைந்தது. வீடு போயிற்று, மனிதர் போனார், விடுமுறையும் போயிற்று, எல்லாவற்றுக்கும் மனதைத் தேற்றிக்கொண்டேன். பெயர் என்னுடையதாயிற்றே. அதைக் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டியவள் நானில்லையா? ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒன்று பத்துக்கு மெசேஜ் வந்தது. அப்போது லைசென்ஸ் புதுப்பிக்க வந்த ஒரு லாரி டிரைவருக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். 'ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டா?' என்று கேட்டேன். நாள் முழுக்க நான் கேட்கிற கேள்விதான். அவர் 'ரெண்டு' என்றார். பழியை அவர்மேல் போடவில்லை, பாவம், அவர் லென்ஸைச் சொன்னார். நான் போனை எடுத்து 2 அழுத்தினேன்.

டீச்சர், அன்றைக்கு உங்கள் மேசை பறிபோனது ரெஸ்டாரண்ட்காரர்களின் தவறு இல்லை. நான் செய்தது. வாசலில் நின்ற பெண்ணிடம் அவர் வாய்க்கு வந்தபடி கத்தினாராமே. அந்தப் பெண்ணிடமும் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அழுத்தும்போது உங்களைத்தான் நினைத்தேன். இதோ கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று நீங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாலுவும் நிற்பாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. பெற்றவள் நான். கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. டிரைவருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தேன். 'இன்னிக்கு ரொம்ப குஷியா இருக்கீங்க போல' என்றார் கடை முதலாளி.

அன்று சாயங்காலம் வாலுவின் குரலே தேய்ந்திருந்தது. வேறொரு கடை வரிசையில் வெயிலில் நின்று, மணி மூன்றாகி, உங்கள்மேலேயே வாந்தி எடுத்துவிட்டாளாம். நீங்கள் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்து, அவளை மடியில் படுக்கவைத்து, பார்க் வரைபடத்தை மடித்து விசிறினீர்களாம். யாரிடமோ கேட்டு இரண்டு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தீர்களாம். 'டீச்சர் திட்டவே இல்லம்மா. அவங்க வெள்ளைச் சட்டையெல்லாம் நாறுது, அதோடயே என்கூட உக்காந்திருந்தாங்க' என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, அப்புறம். முதலில் வந்தது மறுபடியும் பொறாமைதான். அவள் வாந்தி எடுக்கும்போது நெற்றியைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. பிறந்ததிலிருந்து அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு பட்டனை அழுத்தி அதையும் நானே உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் மூன்று நாளும் பன்னிரண்டு மணி ஆனால் போனைக் கையைவிட்டு வைக்கவில்லை. 1 அழுத்தினால் பத்து நிமிஷம் மேசையை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைப்பார்கள். மெசேஜ் வந்த நொடியே அழுத்தினேன். ஒரு நாள் ஒரு அம்மாவின் கண்ணில் மருந்துச் சொட்டு விட்டுவிட்டு, அடுத்த கண்ணை மறந்துபோய் நின்றேன். குஷி என்று சொன்ன முதலாளியே முறைத்தார். அந்த மூன்று நாளும் நீங்கள் உட்கார்ந்த மேசையை இங்கிருந்து நான்தான் பிடித்துக்கொடுத்தேன். பட்டியல் வரும்வரை என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. காளான் சூப் மூன்று என்று பார்த்த பிறகுதான் திறந்தேன்.

தொந்தரவு என்று எழுதியிருந்தீர்கள். விடுமுறையில் என் மகள் வேளைக்குச் சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே வழி அந்தத் தொந்தரவுதான். அதனால் முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த 2 என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்வரை, இன்னொரு தடவை அழுத்தமாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. வாலு உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் புகழ்ந்தால் போதும். என்னை எனக்குத் தெரியும். மாற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலை பத்து மணிக்கு ஓடிபி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் நானே போன் செய்து சொல்கிறேன், இந்த முறை காலாவதியாக விடமாட்டேன். பார்க்குக்குப் போகும் நாட்களில் காலை ஒன்பதுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். பார்க்குக்குள்ளேயே அவர்களுக்கு இரண்டு கிளை, ராட்டினத்தின் பக்கத்தில் இருப்பதைவிட நீர்ச்சறுக்கின் பின்னால் இருப்பதில் கூட்டம் குறைவு. அவரைக் கேட்காதீர்கள், அவருக்கு அது தெரியாது. எப்படியானாலும் ஒரு மணிக்குள் அவள் வாயில் ஏதாவது விழுந்துவிட வேண்டும்.

இன்னொன்று. நம்பர் மாறினால் குடும்ப விவரத்தைப் புதிதாக நிரப்பச் சொல்வார்கள். வாலுவைச் சேர்க்காவிட்டால் பிறந்த மாதத்தில் வரும் கேக் வராது, அவள் முகம் தொங்கிவிடும். உறவு என்று கேட்கும் இடத்தில் கணவர், மனைவி, மகன், மகள் நான்குதான் இருக்கும். உங்களுக்குத் தோதான வார்த்தை அதில் இல்லை. நேற்று நான் பார்த்துவிட்டேன். மகள் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்ததை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால், பள்ளிக்கூட நாட்களையும் தன்னிடமே கொடுக்கச் சொல்லி வக்கீலைப் பார்க்க ஓடுவார். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். நாறும் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, அன்றைக்கு மேசை ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமல் இருக்கக் கூடாது. வாலுவிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் வளரட்டும்.

இவ்வளவும் எழுதியதால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் காளான் வாங்கி வந்து சூப் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, 'அங்க குடிச்சது மாதிரி இல்லம்மா' என்றாள். நீங்களும் அவரும் நல்லபடியாக இருங்கள். இதை மனதாரத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் அந்த வாசலில் மெம்பர் நம்பர் கேட்பார்கள். இனி உங்கள் நம்பர், உங்கள் பெயர். ஆனால் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வாலு என் நம்பரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். ஏழு வருஷப் பழக்கம். நடுவில் நிறுத்திவிடாதீர்கள் டீச்சர். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பத்து எண்ணையும் அவள் சொல்லி முடிக்கட்டும். அதற்கப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா