பிரிக்காத பொட்டலம்

திருச்சி,
10.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவையும் மதினியையும் நான் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்களை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போன் போட்டால், "தங்கச்சி, மோட்டார் போடணும், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை மோட்டார் போடுகிற ஆளை நான் காமயகவுண்டன்பட்டியில் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

உங்கள் மகள் முனீஸ்வரிக்கு ஐதராபாத்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதி அவளே வாங்கிய இடம். ஜூலை 22 சேர வேண்டும். அதற்கு அப்பாவாக நீங்கள் சொன்ன பதில்: "ஆத்தாகிட்ட பூக் கேட்டுட்டுச் சொல்றேன்." ஒரு வெற்றிலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. நூல் சுற்றிக் குலசாமி காலடியில் போடுவீர்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் படிப்பு. சிவப்பு வந்தால் மதினியின் தம்பிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இதுதானே?

பதினெட்டு வருஷமாகக் கல்லூரியில் தர்க்கம் சொல்லித் தருகிறேன். என் சொந்த வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அரளிப்பூ முடிவு செய்கிறது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது அண்ணே.

கோபம் ஆறாத தங்கை,
ஹேமா


காமயகவுண்டன்பட்டி,
17.6.2024

பாசமுள்ள தங்கச்சி ஹேமாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கன எல்லாரும் இருக்கிறோம். திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டி முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை மதினி கண்ணில் படாமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீ படித்தவள். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போர் போடப் பூக் கேட்டோம், வெள்ளை வந்தது, நானூறு அடியில் தண்ணீர். அம்மா கண் ஆபரேஷனுக்குக் கேட்டோம், வெள்ளை. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறாக. பன்னீர் திராட்சை வைக்கலாமா என்று கேட்டதற்கும் அப்படித்தான். பார்த்ததை வைத்துப் பார்க்காததைச் சொல்வதுதானே உன் பாடமும்? போன பொங்கலுக்கு நீயே சொன்னாய், நாளைக்குச் சூரியன் வரும் என்பதற்குக்கூட நிரூபணம் கிடையாது, இத்தனை நாள் வந்ததால் நம்புகிறோம் என்று. சூரியனுக்கு ஒரு நியாயம், ஆத்தாவுக்கு ஒரு நியாயமா?

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கூட வேலை பார்த்த ஜெபராஜைக் கட்டிக்கொள்ளலாமா என்று 2007-இல் கேட்டோம். சிவப்பு வந்தது. மூணே வருஷத்தில் குமுளி மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்து அவருக்கு ஒரு கால் போனது. ஆத்தா முன்னாடியே சொன்னாளா இல்லையா?

வருத்தப்படாதே.

உன் அண்ணன்,
தங்கப்பாண்டியன்


திருச்சி,
22.6.2024

அண்ணே,

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

அவர் என்னைக் கட்டியிருந்தால் திருச்சியில் இருந்திருப்பார். குமுளிப் பக்கம் வேலை தேடிப் போனதே இந்தக் கல்லூரியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். பூ அவர் காலைப் பற்றிச் சொல்லவில்லை. பூவால்தான் அவர் அந்த ரோட்டுக்குப் போனார்.

2015-இல் ஆத்தா வெள்ளை கொடுத்தாள் என்று நாள் பார்த்துக் கவாத்துப் பண்ணினீர்களே, அறுப்பு நேரத்தில் மழை பெய்து பழம் பூராவும் வெடித்ததே, அதை ஏன் உங்கள் பட்டியலில் காணோம்? கேட்டால் "நாம சுத்தபத்தமா இல்ல" என்பீர்கள். பலித்தால் ஆத்தா, பலிக்காவிட்டால் நாம். இப்படி வைத்துக்கொண்டால் எந்தச் சாமி வாக்குத்தான் தப்பும்? சூரியன் வராவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும் அண்ணே. உங்கள் ஆத்தா தவறினால் தெரிந்துகொள்ள ஒரு வழியாவது வைத்திருக்கிறீர்களா?

வயிற்றெரிச்சலில் இதை வகுப்பிலேயே யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், எடுக்காத பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

எடுத்ததை மட்டும்தான் பிரிப்போம். மற்றதைப் பிரிக்காமலே வாய்க்காலில் விட்டுவிடுவோம். பதினேழு வருஷமாக இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் எல்லாம் ஒரு தர்க்க வாத்தியார்!

முனீஸ்வரியிடம் போனில் சொல்லிவிட்டேன். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள்.

ஹேமா


காமயகவுண்டன்பட்டி,
28.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை மண்டையில் எதையாவது ஏற்றிவிடாதே தாயி. மற்றப் பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கமில்லை. சாமிக்கு முன்னால் சோதனை போடுவது போல ஆகிவிடும். பூசாரி ராக்கப்பனும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஜூலை 5 வெள்ளிக்கிழமை கேட்கிறோம். வழக்கம்போல நான்தான் பொட்டலம் கட்டுகிறேன். நல்லதாகவே வரும். இந்த ஒரு தடவை அண்ணனை நம்பிச் சும்மா இரு. உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

தங்கப்பாண்டியன்


திருச்சி,
1.7.2024

அண்ணனுக்கு,

நல்லதாக வரும் என்று யார் சொன்னது? நம்பி நம்பித்தான் இந்த நிலைமை. அவள் கேட்பாள். நீங்கள் பிரித்துக் காட்டத்தான் வேண்டும்.

ஹேமா


காமயகவுண்டன்பட்டி,
7.7.2024

ஹேமாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முனீஸ்வரி எடுத்ததில் வெள்ளை வந்தது. மதினி முகம் சுண்டிப்போனாலும் "ஆத்தா சொல்லிட்டா, போகட்டும்" என்றாள். அம்மா குலவை போட்டாக. ராக்கப்பன் விபூதித் தட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து உன் மருமகள் சொன்னாள்: "அப்பா, அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அந்தப் பொட்டலத்தையும் பிரிங்க."

வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவள் அதற்குள் நூலை இழுத்துவிட்டாள்.

அதிலும் வெள்ளை.

ஆமாம், நான்தான் கட்டினேன். இரண்டிலும் வெள்ளை வைத்தேன். போகட்டும் என்று நான் சொன்னால் மதினி ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆத்தா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதற்காகத்தான் உன்னைச் சும்மா இருக்கச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா நீ?

மதினி கத்தினாள். ராக்கப்பன், "இது செல்லாதுப்பா, ஆடி மொத வெள்ளி நானே கட்டுறேன், மறுபடி கேளுங்க" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாக: "ஏலே, அப்ப ஹேமாவுக்கு என்னத்தடா கட்டுன?"

அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். இரண்டும் சிவப்பு.

அப்பா நெஞ்சு வலியோடு படுத்திருந்தாக. ஊரில் தலைகாட்ட முடியாது என்று அழுதாக. உன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜெபராஜுக்குக் கால் போன சேதி வந்த அன்றைக்குத்தான் மூணு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். கட்டினது நானானாலும் கட்ட வைத்தது ஆத்தாதான் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் உனக்கும் அப்படி எழுதினேன்.

ஆடி முதல் வெள்ளி 19ஆம் தேதி வருகிறது. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்யச் சொல்கிறாய்?

தங்கப்பாண்டியன்


திருச்சி,
12.7.2024

தங்கப்பாண்டியன் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழிந்தது. வரவில்லை.

ஒரு மனுஷனின் காலை எடுத்து உங்கள் மனசாட்சிக்கு முட்டுக்கொடுத்து, பதினாலு வருஷம் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். அதை எனக்கே ஆதாரமாகவும் எழுதினீர்கள். அதற்குத் தர்க்கம் பேசி நான் பதிலும் எழுதினேன். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானும் உங்களைப் போலத்தான். அன்றைக்கு அந்த மற்றப் பொட்டலம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அந்த மாதம்தான் வகுப்பில், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள் என்று பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் பிரிக்கவில்லை. சிவப்பைப் பார்த்து அழுதேனே, அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்பாவை எதிர்க்க வேண்டாம். ஜெபராஜ் வீட்டில், அந்தச் சர்ச்சில், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் போய் நிற்க வேண்டாம். சாமியே சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று அவரிடம் சொல்ல எனக்கும் வசதியாக இருந்தது. நீங்கள் ஆத்தாவுக்குப் பின்னால் ஒளிந்தீர்கள். நான் உங்கள் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். இதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். 19ஆம் தேதி கோயிலுக்குப் போகாதீர்கள். பூ கிடையாது, ராக்கப்பன் கிடையாது, என் தர்க்கமும் கிடையாது. மதினியை உட்கார வைத்து, "எம் மக படிக்கப் போறா, இது நான் சொல்றது" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு இதுவரை ஒரு முடிவையாவது உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்களா? இத்தனை நாள் சொல்லாத ஆள் இனியும் சொல்ல மாட்டான் என்பதுதான் என் பாடப்படி வர வேண்டிய முடிவு. அது பொய்யாகப் போகட்டும்.

20ஆம் தேதி சனிக்கிழமை அவளுக்கு ரயில். மதுரை ஸ்டேஷனில் நிற்பேன். அவள் பெட்டி கனமாக இருக்கும், கெமிஸ்ட்ரி புத்தகமாக அடைத்து வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம்.

ஹேமாவதி