மீனுக்கு மூச்சு முட்டுமாம்

உன்னைக் கொன்றது முதலாளி வீட்டு மீன் தொட்டி. திண்டிவனத்தில் எல்லோரும் மாரடைப்பு என்கிறார்கள்.

இன்று காலை குடிநீர் பிடிக்க உன் வெள்ளைக் கேனை எடுத்தேன். எத்தனை முறை கழுவியும் மரக்காணத்துக் கடல் வாடை போகவில்லை.

அரிசி மில்லில் மூட்டை தூக்குவதுதான் நமக்கு வேலை. ஆனால் ஞாயிறுதோறும் மில் டெம்போவில் போய் அந்தத் தொட்டிக்குக் கடல்நீர் அள்ளி வந்தோம். நீ அதைத் துணியில் வடிகட்டி ஊற்றுவாய். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள் தொட்டிக்குள் பூப்போல விரியும் உயிரான கடல் சாமந்தியின் விரல்களுக்குள் பதுங்கும்.

“ஜோக்கர் மீனாம்டா! ஒரு நாளாச்சும் சிரிச்சிதா? நம்ம மேஸ்திரியாட்டம் மூஞ்சிய வச்சிக்கினு சுத்துது.”

திட்டிக்கொண்டே இறால் துணுக்கை நீட்டுவாய். அது விரலைக் கொத்தினால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

காற்று மோட்டாரின் வயரில் உப்புப் பூத்திருந்தது. மாற்றச் சொல்லிச் சலித்துப்போய், தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைக்க ஆரம்பித்தாய். முதலாளி பார்த்துவிட்டார்.

“எவன்டா மோட்டார நிறுத்தினது? மீனுக்கு மூச்சு முட்டும்!”

“கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆவாதுங்க. ஷாக் அடிக்குதுங்க.”

“செருப்பு போட்டுக்கினு செய்யி. இன்னொரு தரம் சுவிட்ச்சத் தொட்ட, மில்லு பக்கம் வராத.”

செருப்போடு அந்த வீட்டுக்குள் நம்மை எப்போது விட்டார்கள்?

அடுத்த ஞாயிறு ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டிக்குள் கையை விட்டாய். இரண்டாவது கேனோடு நான் உள்ளே வந்தபோது விழுந்து கிடந்தாய். சுவிட்சை நான்தான் அணைத்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போய், உன் உடலை விழுப்புரத்தில் உன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து, நான் திரும்பி வரும்வரை யாரும் அதைப் போடவில்லை. மீன்கள் சாகவில்லை. உன் செருப்பு வாசலில், கழற்றிய இடத்திலேயே கிடந்தது.

அது இப்போது என் பையில் இருக்கிறது. மில் வேலை எனக்கும் போய்விட்டது. ஞாயிறுதோறும் அந்த வாசலில் போய் நிற்கிறேன். புது ஆள் கேன்களோடு உள்ளே போகிறான், வெறுங்காலோடு. செருப்பைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறேன்:

“மாரடைப்புன்னு சொல்லாதீங்க. உங்க வயருதான் அடிச்சிதுன்னு விழுப்புரத்துக்கு வந்து அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க!”

உள்ளேயிருந்து மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது.