அமிருலின் வெள்ளிக்கிழமை மீட்டிங்

மெர்கோங், அலோர் ஸ்டார்

அன்பு மகள் ஷம்சியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பாத்திரக் கடையும் ஓடுகிறது. நீயும் டப்ளினில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன், கோபத்தோடுதான் செய்கிறேன், இருந்தாலும் செய்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் இன்னொரு கால் வருது அத்தா, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கடையில் நிற்கும் தலீலா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். உட்கார்ந்து முழுக்கப் படி.

மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போனதும் ஜூன் மாதம் லீவுக்கு என்று பிள்ளை அமிருலை இங்கே கொண்டுவந்து விட்டாய். அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் என்றாய். அப்புறம் புது சாஃப்ட்வேர் வெளியாகட்டும் என்றாய், சரி என்று பக்கத்துப் பள்ளியில் கெஞ்சி உட்கார வைத்தேன். முந்தாநாள் அனுப்பிய மெசேஜில் அடுத்த வருஷம் பாதி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் அத்தா, டீம் பெரிசாயிடுச்சு, என்னால் முடியலை என்கிறாய். கீழே ஒரு பூப்படம் வேறு. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில், முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கீழே வேலை செய்கிற எஞ்சினியர்களுக்கு வாரத்துக்கு ஒரு தரம் ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்துத் தனியாகப் பேசுவாயாம். அதே மாதிரி உன் பிள்ளைக்கும் வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு கால் மணி நேரம் போட்டு, உன் மீட்டிங் பட்டியலை என் போனுக்கும் அனுப்பி வைத்தாய். அந்தப் பட்டியலைத் திறந்தால் மேலே ஒரு வெள்ளைக்காரன் பெயர், கீழே ஒரு பஞ்சாபிப் பெண் பெயர், நடுவில் அமிருல். ஏழு வயதுப் பிள்ளை குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி, சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டிங் என்று ஒரு சத்தம் வரும், மீட்டிங் தள்ளி வைக்கப்பட்டது என்று. எத்தனை தரம் வந்தது என்று உன் கம்ப்யூட்டரையே கேள். அப்படியே நீ வந்தாலும் என்ன பேசுகிறாய்? இந்த வாரம் என்ன செஞ்சே, அடுத்த வாரம் என்ன செய்யப் போறே, ஏதாவது பிரச்சினை இருக்கா. அவனும் மனப்பாடம் செய்தது போல ஒப்பிப்பான். பிரச்சினை ஒண்ணுமில்லைம்மா என்பான். நீ சூப்பர் என்பாய். முடிந்தது.

போன சனிக்கிழமை காலையில் உன் அம்மா அவனை எழுப்பப் போனவள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். தலையணை உறையில் மஞ்சளாகச் சீழ், கொஞ்சம் ரத்தம். அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். இடது காதில் செவிப்பறை ஓட்டையாகிவிட்டது. ரெண்டு மூணு வாரமாகவே பிள்ளைக்கு வலித்திருக்குமே, யாரிடமும் சொல்லவில்லையா என்று டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இந்த வயதில் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த நீங்கள் கவனிக்கவில்லையா என்று நீயும் கேட்பாய். கேள். டிவியைச் சத்தமாக வைக்கிறான் என்று அதட்டியவன் நான்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் மாலைதான் நீ முகத்துக்கு நேராக அவனைக் கேட்டாய், பிரச்சினை இருக்கா என்று. அவனும் இல்லை என்றான்.

மருந்து ஊற்றிய பிறகு காரில் வரும்போது ஏண்டா சொல்லலே என்று கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இந்த நன்னாவிடம் சொன்னான். "பிரச்சினைன்னு சொன்னா மீட்டிங் நீளமாயிடும் நன்னா. அம்மாவுக்கு அடுத்த மீட்டிங் லேட்டாயிடும். பிரச்சினைன்னு சொல்றவங்ககிட்ட அம்மா, நாம அப்புறம் தனியா பேசுவோம்னு சொல்லுவாங்க. அப்புறம் பேச மாட்டாங்க."

அங்கே டப்ளினில் நீ மீட்டிங் பேசும்போது உன் மேசைக்குக் கீழே லெகோ வைத்து விளையாடிக்கொண்டே பிள்ளை எதைப் படித்திருக்கிறான் பார். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன், ஓட்ட முடியவில்லை.

இப்போது உன் வேலையைப் பற்றியும் கேட்டுக்கொள். மெர்போக் பக்கம் நம் கடை லோரியை ஓட்டும் பரஞ்சோதி, காலையில் எல்லாம் ஓகே லா முதலாளி என்று சொன்னால் நான் முதலில் லோரிக்குக் கீழே குனிந்து பார்ப்பேன். பிரேக் சரியில்லை முதலாளி என்று சண்டை போட்டால் டீ வாங்கிக் கொடுப்பேன். உன் எஞ்சினியர்களும் உன்னிடம் எல்லாம் ஓகே என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு ராத்திரியும் ஏதோ உடைந்தது என்று அவர்கள் வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாய். அது உன் பாடு, உன் கம்பெனி பாடு. ஆனால் அந்த வித்தையை என் பேரனிடம் காட்டாதே.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல நான் மடையன் இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வேலை என்று பள்ளிவாசலில் கேட்ட உன் பெரியத்தாவை நான் எப்படிப் பேசி அனுப்பினேன் என்று உன் அம்மாவைக் கேட்டுப் பார். என் கோபம் வேறு. உன் டீமில் ஒருத்தனுக்குக் குழந்தை பிறந்தது, அவன் கேட்பதற்கு முன்னாலேயே மாதக்கணக்கில் லீவு எழுதிக் கொடுத்தேன் அத்தா என்று ஹரிராயா பெருநாள் அன்று பெருமையாகச் சொன்னாய். நானும் பெருமைப்பட்டேன். அந்த லீவை உனக்குக் கேட்க ஏன் வாய் வரவில்லை? உனக்கு மேலே இருப்பவன் முகம் சுளிப்பான் என்று பயம். கீழே இருப்பவர்களுக்கு நல்ல முதலாளி, மேலே இருப்பவனுக்கு வாய் இல்லாத கூலி, நடுவில் மாட்டிக்கொண்டது உன் பிள்ளை. பிரச்சினை ஒண்ணுமில்லை என்று சொல்வதை அவன் யாரிடம் கற்றான் என்று நினைக்கிறாய்? நீதான் உன் பெரிய முதலாளியிடம் தினமும் சொல்கிறாயே.

இருபதாம் தேதி திங்கட்கிழமை காதை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு நீ வருவாய், காட்டிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போவாய் என்று அமிருலிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் பார்த்துச் சொல்றேன் அத்தா என்பாய், அந்தப் பதில் எனக்கு வேண்டாம். நிஜமாவா நன்னா என்று ஒரு தரம்தான் கேட்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை, பையை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரமும் தரட்டும். உன் அம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள். உன்னைத் திட்டாதீர்கள் என்றும் சொன்னாள், அது முடியவில்லை.

மறந்துவிடாதே, இருபதாம் தேதி. முந்தின நாளே நானும் அவனும் அலோர் ஸ்டார் ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்போம். நீ வருவதாக இல்லையென்றால் அதை அவனைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. என் வாயால் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
உன் அத்தா
காஜா மைதீன்